ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது மீன்கள்

அந்தப் பை எங்க பள்ளிக்கூடத்துப் பைதானுங்களே? பஸ் ஏறும்போதே பார்த்துட்டேன். அட்மிசன் போட்டவங்களுக்கு மட்டும்தான் அந்தப் பையைக் குடுப்பாங்க. மேல வெக்காதீங்க, வளைவுல விழுந்துரும். மடியிலயே வெச்சுக்குங்க. சேர்த்தது பொண்ணுங்களா, பையனுங்களா? பொண்ணு. பதினொண்ணாவது. நல்லதுங்க, ரொம்ப நல்லது. அப்ப எனக்குத்தான் வரும். கணக்கு நான்தானுங்க. அர்த்தனாரி. நாமக்கல் பஸ் ஸ்டாண்டுல இறங்கி அர்த்தனாரி சார்னு சொன்னா ஆட்டோக்காரன்கூட கொண்டாந்து விட்டுருவான்.

ஈரோடுங்களா? நானும் ஈரோடுதான். ஒறம்பரை, சொந்தக்காரங்க வீட்டுல விசேஷம். போகாட்டி பேச்சு வரும், போனாலும் பேச்சு வரும். சரி, பேசிக்கிட்டே போலாம்.

பள்ளிக்கூட கேட்டுக்கிட்ட ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் இருந்துச்சே, பார்த்தீங்களா? ஜெர்மனியில எங்கள் மாணவன்னு போட்டு, கண்ணாடி போட்ட பையன். சபரீஷ். நான் செஞ்ச பையனுங்க அவன். அந்த ஃப்ளெக்ஸ்ல கரெஸ்பாண்டென்ட் படம் இருக்குது, அவரு மகன் படம் இருக்குது, மகனோட பொண்டாட்டி படம்கூட இருக்குது. என்ற படம் இல்லை. இருக்கட்டும். அதை நான் விட்டுட்டேன். அதைப் பத்திப் பேசறதே இல்லை.

ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அந்தப் பையன் இன்னிக்கு அங்க இருக்கான்னா அதுக்கு நான்தான் காரணம். காப்பி அடிச்சான்னு சொல்லி அவனை அங்கிருந்து மூட்டை கட்டி அனுப்பப் பார்த்தாங்க. அது அந்த ஃப்ளெக்ஸ்ல இருக்காது. நான் போய்ப் பேசித்தான் நிறுத்துனேன். அதுவும் அதுல இருக்காது.

முதல்ல இருந்து சொல்றேன். சபரீஷுக்கு அப்பா இல்லை. அம்மா நூல் மில்லுக்குப் போறாங்க, மல்லசமுத்திரம் பக்கம். ஒன்பதாவதுல நம்மகிட்ட வந்து சேர்ந்தான். புத்திசாலிதான், இல்லைங்கல. ஆனா ஒரு கெட்ட பழக்கம் இருந்துச்சு, ஏன் ஏன்னு கேக்கறது. பத்தாவதுல ஒரு நாள் பண்ணைக்குட்டை கணக்கு போட்டுக்கிட்டிருந்தேன். உருளை வடிவக் குட்டை, ஆரம் ஏழு மீட்டர், ஆழம் பத்து மீட்டர், கொள்ளளவு காண். இவன் எந்திரிச்சு நின்னு, "சார், எங்க ஊர்க் கிணறே இதைவிடப் பெருசு சார், இதுல எப்படி சார் பண்ணைக்குத் தண்ணி எடுக்கறது"ங்கறான். கிளாஸே சிரிக்குது. பரிட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்குது, இவனுக்குக் கிணறு கேக்குது.

வெளிய நிறுத்திட்டேன். அந்த வாரம் பூரா வராண்டாவுலதான் நின்னு கணக்கு கேட்டான். அடிக்கல, திட்டல. நிறுத்துனேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டதில்லீங்க அவன். ஒண்ணுகூட இல்லை. அந்த வருசம் சென்டம். பன்னெண்டாவதுலயும் சென்டம். உங்க பொண்ணும் ஏன் ஏன்னு கேக்கற ரகமா? அட, பயப்படாதீங்க. பொங்கலுக்குள்ள சரியாயிரும்.

என்ற முறை ரொம்ப சுலபமுங்க. கேள்வியில ஆரம் குடுக்கலைன்னா என்ன பண்ணுவீங்க? பேனாவை மூடி வெச்சுட்டு மேல பார்ப்பீங்க. என்ற பிள்ளைங்க பார்க்காது. ஆரம் குடுக்கலையா, ஏழு. ஏன் ஏழு? பை-யோட மதிப்பு இருபத்திரண்டு கீழ ஏழு. ஏழும் ஏழும் கேன்சல் ஆயிரும், கணக்கு நிமிசத்துல முடிஞ்சுரும். உயரம் குடுக்கலையா, பத்து. வேற எது குடுக்கலைன்னாலும் ஒண்ணு. ஒரு இடம் வெறுமையா விடக்கூடாது. கேள்வியே தப்பா வந்தாலும் நம்பரைப் போட்டு எழுதிரணும். கேள்வி தப்புன்னா எழுதுனவனுக்குத்தானே மார்க்கு குடுக்கறாங்க? எழுதாம உட்கார்ந்து யோசிச்சவனுக்குக் குடுக்கறாங்களா? அவ்வளவுதானுங்க ரகசியம். இதுக்குத்தான் கிருஷ்ணகிரியில இருந்து, தர்மபுரியில இருந்தெல்லாம் கொண்டாந்து விடறாங்க.

அப்புறம் அவன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் முடிச்சான், ரெண்டு வருசம் வேலைக்குப் போனான், மேல படிக்க ஜெர்மனி போனான். அங்க அதே வகுப்புல நம்ம பள்ளிக்கூடத்துப் பொண்ணு இன்னொண்ணு, பிரணிதான்னு. இவனுக்கு ரெண்டு வருசம் சின்னது. இங்க படிக்கறப்ப ரெண்டு பேருக்கும் பழக்கமே கிடையாது. நம்ம வளாகத்துல பொண்ணும் பையனும் பேசிக்கிட்டா அன்னிக்கே வீட்டுக்குப் போன் போயிரும், உங்களுக்கே சொல்லியிருப்பாங்களே. அங்க போய்த்தான் அறிமுகம்.

முதல் பரிட்சை. கேள்வியைக் கேளுங்க. ஒரு ஏரி இருக்குது, அதுல எத்தனை மீன் இருக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாய்? அவ்வளவுதான் கேள்வி. ஒரு நம்பர் இல்லை, ஒரு படம் இல்லை. இது ஒரு கேள்வியாங்க? பல்கலைக்கழகத்துல கேக்கற கேள்வியா?

அந்த ஊர்ப் பசங்க என்ன எழுதுனாங்கன்னு பின்னால அந்தம்மா, அதான் அந்தப் பேராசிரியை, எனக்கே சொன்னாங்க. ஒருத்தன் "எந்த ஏரி, எதுக்கு எண்ணணும்"னு கேள்விக்குக் கேள்வி எழுதி வெச்சிருக்கான். ஒருத்தி கொஞ்சம் மீனைப் புடிச்சு அடையாளம் வெச்சு விட்டுட்டு மறுபடி புடிச்சுப் பார்க்கலாம், ஆனா இதுல இன்ன இன்ன தப்பு வரும்னு தன் பதிலைத் தானே குறை சொல்லி எழுதியிருக்கா. இன்னொரு நாட்டுப் பையன் அரைப் பக்கம் எழுதி, "இதுக்கு மேல எனக்குத் தெரியவில்லை"ன்னு முடிச்சிருக்கான். விடையே இல்லை. அவனுக்கு நல்ல மார்க்கு! தெரியலைன்னு எழுதுனவனுக்கு மார்க்குங்க.

நம்ம பிள்ளைங்க ரெண்டு பேரும் எழுதுனது ஆளுக்கு ஆறு பக்கம். மார்ஜின் போட்டு, படம் வரைஞ்சு, பேர் குறிச்சு. ஏரியை ஒரு சிலிண்டர் எனக் கொள்வோம். ஆரம் ஏழு மீட்டர். ஆழம் பத்து மீட்டர். கொள்ளளவு ஆயிரத்து ஐந்நூத்து நாப்பது கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஒரு மீன் எனில், மொத்த மீன்கள் ஆயிரத்து ஐந்நூத்து நாப்பது. கட்டம் கட்டி, கீழ ரெண்டு கோடு. வரிக்கு வரி ஒண்ணு. ஒருத்தன் ஹாலுக்கு அந்தக் கோடி, ஒருத்தி இந்தக் கோடி.

என்னங்க சிரிக்கறீங்க? ஸ்டெப் எல்லாம் சரிதானே?

அங்க யாரும் சிரிக்கலை. ரெண்டு பேரும் சேர்ந்து மோசடி பண்ணிட்டாங்க, இல்லைன்னா உலகத்துல எவனுக்கும் ஏரிக்கு ஏழு மீட்டர்னு தோணாது, ரெண்டு பேருக்கும் ஒண்ணாத் தோணவே தோணாதுன்னு விசாரணை வெச்சுட்டாங்க. தப்பு உறுதியாச்சுன்னா படிப்பு போச்சு, விசா போச்சு, அடுத்த பிளேன்ல ஊர். சபரீஷோட அம்மா, மில்லுல ஷிப்டு முடிஞ்சு அப்படியே தலையில பஞ்சோட என்ற வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. "சாருங்க, எம்பையன் பார்த்து எழுத மாட்டானுங்க. உங்களுக்குத் தெரியுமுங்களே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்களாமுங்க." உக்காரச் சொன்னா உக்காரலை. காப்பித் தண்ணி குடுத்தா குடிக்கலை. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. உண்மையைச் சொல்றேன், கலங்கிருச்சு.

விசாரணை வீடியோ கால்லதான், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் லேப்ல உக்கார்ந்தேன். வேட்டி கட்டுற ஆள் நான், அன்னிக்கு பேண்ட் போட்டு டக் இன் பண்ணி உக்கார்ந்தேன். திரையில மூணு பேர். நடுவுல அந்தப் பேராசிரியை, தலை நரைச்சவங்க, பக்கத்துல ஒரு தாடிக்காரரு, இன்னொரு அம்மா. ஒரு மூலையில சபரீஷ், ஒரு மூலையில பிரணிதா. ரெண்டும் முகம் வெளிறிப் போய் இருக்குது.

இங்கிலீஷ்ல கேட்டாங்க, இங்கிலீஷ்லயே சொன்னேன். ஏழுங்கறது யாரு யோசனை? என்னுதுன்னேன். பேப்பர்ல எழுதி கேமராகிட்ட காட்டுனேன். இருபத்திரண்டு, கீழ ஏழு, பக்கத்துல ஏழு, கேன்சல். தாடிக்காரரு முன்னால குனிஞ்சு பார்க்கறாரு. "இதை எத்தனை மாணவர்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க?" "என்கிட்ட படிச்ச எல்லாருக்கும்." நம்பலைங்க அவங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு வேகம். ஒரு நிமிசம் இருங்கன்னு சொல்லிட்டு, பக்கத்து வகுப்புல இருந்து பத்தாவது பிள்ளைங்க நாலு பேரைக் கூட்டியாரச் சொன்னேன். முன் பெஞ்சு இல்லை, யாரு கையில கிடைக்குதோ. அவங்க கண்ணு முன்னாலயே அந்தக் கேள்வியைச் சொன்னேன், அவங்க கேட்ட மாதிரியே. ஒரு பிள்ளை மட்டும், "சார், ரெண்டு மார்க்கா அஞ்சு மார்க்கா?"ன்னுச்சு. அஞ்சுன்னேன். நாலும் குனிஞ்சுதுங்க. ஒண்ணு தலையைத் தூக்கலை, ஒண்ணு மேல பார்க்கலை. முடிச்சதும் தாளை வாங்கி ஒண்ணொண்ணா கேமராவுல காட்டுனேன். ஆயிரத்து ஐந்நூத்து நாப்பது. ஆயிரத்து ஐந்நூத்து நாப்பது. ஆயிரத்து ஐந்நூத்து நாப்பது. நாலாவது தாளைக் காட்டறப்ப அந்தப் பேராசிரியை கையால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

அசந்து போயிட்டாங்க. வேற என்ன? இந்தா, காப்பி இல்லை, நிரூபிச்சாச்சு. அந்த ஊர்ல எந்த வாத்தியாரால இப்படிக் காட்ட முடியும் சொல்லுங்க.

அப்புறம் அந்தம்மா ரொம்ப மெதுவா கேட்டாங்க, "நீங்களே அந்த ஏரிக்கரையில நின்னா என்ன செய்வீங்க?" அதையேதான் சொன்னேன். ஆயிரத்து ஐந்நூத்து நாப்பது. தலையை ஆட்டிக்கிட்டாங்க.

கேஸ் முடிஞ்சுது. காப்பி இல்லைன்னு எழுதிட்டாங்க. முடிஞ்சுதுல்ல? அதோட எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே? இந்த சபரீஷ் கையைத் தூக்கறான். நான் ஒண்ணு சொல்லணும்ங்கறான். "சார் சொல்றது எல்லாம் உண்மை. நான் யாரையும் பார்த்து எழுதலை. ஆனா அதை நானும் எழுதலை. யாராவது ஆரம்பிச்சுக் குடுத்தாத்தான் எனக்கு முடிக்கத் தெரியும். ஆரம்பிக்கத் தெரியாது." பிரணிதாவும் ஆமாங்கற மாதிரி தலையை ஆட்டுது.

எதுக்குங்க அது? ஜெயிச்ச கேஸுல எதுக்கு அந்தப் பேச்சு? நான் இங்க பேண்ட் போட்டு உக்கார்ந்திருக்கேன், நாலு பிள்ளைங்க பக்கத்துல நிக்குதுங்க, என்ற முன்னாலயே சொல்றான். அந்தக் கேள்விக்கு ரெண்டு பேருக்கும் பூஜ்யம். முதல் வருசத்துச் சின்னப் பசங்களோட உக்கார்ந்து ஒரு பாடம் மறுபடி படிக்கணும்னு சொல்லி விட்டுட்டாங்க. பன்னெண்டாவதுல சென்டம் வாங்குனவன் முதல் வருசத்துப் பசங்களோட!

அந்தப் பேராசிரியை அப்புறம் எனக்குத் தனியா மெயில் போட்டாங்க. அவங்க ஆராய்ச்சியே அதானாம், ஒவ்வொரு நாட்டுப் பண்பாடும் பல்கலைக்கழகப் பசங்க கணக்கைப் பார்க்கற விதத்தை எப்படி மாத்துதுன்னு. நான் அன்னிக்குப் பேசுனதை அதுல சேர்த்துக்கலாமான்னு கேட்டாங்க. தாராளமான்னு சொல்லி என்ற பேரு, எம்.எஸ்சி., எம்.எட்., எம்.ஃபில்., எல்லாம் தெளிவா எழுதி, ஒரு போட்டோவும் அனுப்புனேன். கட்டுரை வந்துச்சு. அதுல என்ன போட்டிருக்குதுங்கறீங்க? "தென்னிந்தியாவில் ஓர் ஆசிரியர்." அவ்வளவுதான். பேரு இல்லை, டிகிரி இல்லை. அந்த நாலு தாளைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதத் தெரியுது, என்ற பேரை ஒரு வரி எழுத வலிக்குது. அதையும் விட்டுட்டேன்.

விட முடியாதது ஒண்ணு இருக்குது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன மாசம் லீவுக்கு வந்திருந்தான். நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு வழக்கம், வெளிநாட்டுல இருந்து வந்தா நேரா வந்து சாருங்களைப் பார்த்துட்டுத்தான் மத்த வேலை. ஸ்வீட் பாக்ஸோட வருவாங்க. நானும் ஒரு வாரம் சலவை பண்ணுன சட்டையாப் பார்த்துப் போட்டுக்கிட்டுத்தான் போனேன். வரலை. மத்த பிள்ளைங்க எல்லாம், "சார், சபரீஷ் அண்ணா வந்திருக்காங்களாமே"ங்குதுங்க. வருவான் வருவான்னேன். கடைசியில திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுல, தற்செயலா, நானாப் பார்த்தேன். அவன்தான் ஓடி வந்தான். "சார்!"ன்னு கையைப் புடிச்சுக்கிட்டான். அதுல குறை சொல்ல முடியாது. டீக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போய் பெஞ்சைத் துடைச்சு உக்கார வெச்சான்.

"நீங்க இல்லைன்னா நான் திரும்பி வந்திருப்பேன் சார்"னான். அதுக்குத்தானேப்பா வாத்தியார்னேன். அந்தப் பாடம் என்ன ஆச்சுன்னு கேட்டேன். "இப்பத்தான் சார், தப்பாப் போடப் பழகிக்கிட்டிருக்கேன்"னு சிரிக்கறான். தப்பாப் போடறதுக்கு எதுக்குடா பாஸ்போர்ட் எடுத்துப் போகணும்னேன். அதுக்கும் சிரிச்சான்.

அப்புறம் டீயை ஆத்திக்கிட்டே சொல்றான். "அந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு எங்க ஊர் ஏரிதான் சார் ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல லீவு நாள் பூரா வலை போடறதைப் பார்த்துக்கிட்டே கரையில உக்கார்ந்திருப்பேன். எங்க மீன் கூட்டமா நிக்கும், எங்க நிக்காதுன்னு எனக்குத் தெரியும். இப்படி எண்ணலாமே, அப்படி எண்ணலாமேன்னு மனசுல வந்துச்சு சார். ஆனா மனசு யோசிக்கறதுக்குள்ள கை ஏழுன்னு எழுதிருச்சு."

கை எழுதிருச்சுன்னா அதுதாங்க பயிற்சி! அதுக்குத்தானே இங்க கொண்டாந்து விடறாங்க. அவங்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். உனக்கு மனசு யோசிக்கணும்னா நீ ஏரிக்கரையிலயே இருந்திருக்கலாம், உங்கம்மா கூட மில்லுக்குப் போயிருக்கலாம், ஜெர்மனிக்குப் போயிருக்க முடியாதுன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன். டீக்கடைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

சண்டை போடுவான்னு நினைச்சேன். போடலை. "அது சரிதான் சார்"னான். டீயை ஒரு வாய் குடிச்சுட்டு, "சார், ஒண்ணு கேக்கலாங்களா?"ன்னான். ஒன்பது வருசம் கழிச்சு எங்கிட்ட கேக்கற கேள்விங்க அது. கேளுன்னேன். "நீங்க எப்பவாவது ஒரு கணக்கு முன்னால தெரியாம நின்னிருக்கீங்களா சார்? நாள் கணக்குல, என்ன பண்றதுன்னே தெரியாம? நான் இப்ப அப்படித்தான் சார் நிக்கறேன். முதல்ல பயமா இருந்துச்சு. இப்ப அப்படி ஒரு கணக்கு வந்தாத்தான் அன்னிக்கு நாள் நல்லா இருக்குது."

நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன். ஒரு நாள் நின்னதில்லை. என்ற சர்வீஸ்ல ஒரு கணக்கு, ஒரே ஒரு கணக்கு முன்னால இந்த அர்த்தனாரி தெரியாம நின்னதா எவனும் சொல்ல முடியாதுன்னேன்.

அப்ப பார்த்தானுங்க என்னை. டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டுப் பார்த்தான். கோவம் இல்லை. கிண்டல் இல்லை. பாவப்பட்டுப் பார்த்தான். அவங்கம்மா என்ற வாசல்ல வந்து நின்னப்ப நான் எப்படிப் பார்த்தேனோ, அந்த மாதிரி. "ஒரு தடவைகூடவா சார்?"ன்னான். அவ்வளவு மெதுவா. அப்புறம் பஸ் வந்துருச்சு, என்ற பையைத் தூக்கிக் குடுத்து, சீட்டுப் புடிச்சு உக்கார வெச்சு, இறங்கிப் போனான்.

சொல்லுங்க, என்னைப் பார்த்துப் பாவப்படறதுக்கு அவனுக்கு என்ன இருக்குது? மில்லுக்காரம்மா பையனை ஜெர்மனி வரைக்கும் கொண்டு போய் விட்டிருக்கேன். எத்தனை சென்டம் குடுத்திருக்கேன். எத்தனை வீட்டுல என்ற பேரைச் சொல்லி விளக்கு எரியுது. திட்டியிருந்தான்னா திருப்பிச் சொல்ல எங்கிட்ட நூறு பதில் இருக்குதுங்க. நன்றி கெட்டவன்னு சொல்லிட்டுத் தூங்கிருப்பேன். இது திட்டு இல்லையே. ராத்திரி படுத்தா அந்த மூஞ்சிதான் வருது. என்ற வீட்டம்மாகிட்ட சொன்னா, விடுங்க, சின்னப் பையன்ங்கறாங்க. சின்னப் பையன் ஏன் அப்படிப் பார்க்கணும்?

நீங்களும் இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டே வர்றீங்க. உங்க பொண்ணை என்னை நம்பித்தானே விடறீங்க. ஏதாவது சொல்லுங்க. அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்? ஒரு மாசமா யோசிக்கறேன். எங்க ஆரம்பிக்கறதுன்னே எனக்குத் தெரியலைங்க.